வந்த கோபமும் வைத்துக்கொண்ட கோபமும்

துண்டு போட்ட சீட்டு

பௌர்ணமி சாயங்காலம் கீழ்பென்னாத்தூரில் நின்று திருவண்ணாமலைக்கு பஸ் பிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. திண்டிவனம், செஞ்சி பக்கமிருந்து வரும் வண்டிகள் கிரிவலக் கூட்டத்தோடு பிதுங்கிக்கொண்டுதான் வந்து நிற்கும். மிச்சம் இருப்பது சுமார் 20 கிலோமீட்டர். ஆனால் இறங்கியதும் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கப் போகிறவருக்கு, அதுவரையாவது உட்கார்ந்து போக ஆசை இருக்காதா? வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறார் ஒருவர். முட்டி மோதி உள்ளே போய்ப் பார்த்தால், அந்த இடத்தில் வேறொருவர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். துண்டு ஜன்னல் கம்பியில் தொங்குகிறது.

"யோவ், துண்டு போட்டிருக்கேனே, கண்ணு தெரியல?"

"துண்டு போட்டா சீட்டு உன் பேருக்குப் பட்டா ஆயிடுமா?"

அடுத்து நடப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். முகம் சிவக்கிறது, குரல் ஏறுகிறது, கண்டக்டர் வந்து விலக்கிவிட வேண்டியதாகிறது. சாமி கும்பிடப் போகிற நேரத்தில் இது தேவையா என்று பிறகு வீட்டில் கேட்டால், "நானா கோபப்பட்டேன்? அதுவா வந்துச்சு" என்பார்.

அதுவாக வந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால், அதே சீட்டில் சீருடையோடு ஓர் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தால் மட்டும் ஏன் வருவதில்லை? சரி, கோபப்பட்டவரேதான் அதை வரவழைத்தார் என்றால், இன்றைக்கு யாரிடமும் கோபப்படக் கூடாது என்று காலையில் சங்கல்பம் செய்துகொண்டு கிளம்பிய நாளிலும் எப்படி வந்துவிடுகிறது?

இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவே உட்கார்ந்து, 4-ஆம் நூற்றாண்டிலிருந்து 13-ஆம் நூற்றாண்டுவரை மண்டையை உடைத்துக்கொண்ட ஒரு கூட்டம் உண்டு: கிறிஸ்தவத் துறவிகளும் அவர்களுக்குப் பின்வந்த பல்கலைக்கழக ஆசிரியர்களும். அவர்களுக்கு இது திண்ணைப் பேச்சு அல்ல. கோபமும் இச்சையும் பாவமென்றால், கேளாமல் வந்த கோபத்துக்கும் இறைவனிடம் பதில் சொல்ல வேண்டுமா? இதற்கு ஒரு தெளிவான விடை அவசரமாகத் தேவைப்பட்டது.

புயலில் வெளுத்த முகம்

அவர்கள் கையில் கிடைத்த முதல் துப்பு ஒரு கப்பல் கதை. அவுலஸ் கெல்லியஸ் என்ற 2-ஆம் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் எழுதி வைத்தது. கிரேக்கக் கரையிலிருந்து இத்தாலிக்குப் போகும் கப்பலில் அவரோடு ஒரு ஸ்டோயிக் ஞானியும் பயணம் செய்தார். ஸ்டோயிக்குகள் என்பவர்கள், உணர்ச்சி எல்லாமே தவறான தீர்ப்பு, விவேகிக்கு அது கிடையவே கிடையாது என்று போதித்தவர்கள். இரவில் புயல் பிடித்துக்கொண்டது. எல்லோரும் அலற, கெல்லியஸ் மட்டும் ஞானியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அலறவில்லை. ஆனால் முகம் வெளுத்திருந்தது.

கடல் அடங்கியதும் ஒரு பணக்காரப் பயணி வந்து சீண்டினார்: நானே பயப்படவில்லை, நீங்கள் ஏன் ஐயா வெளுத்தீர்கள்? ஞானி அவருக்குக் குத்தலாக ஒரு பதிலைச் சொல்லி அனுப்பிவிட்டு, கெல்லியஸிடம் மட்டும் தம் பையிலிருந்து எபிக்டெட்டஸின் நூலொன்றை எடுத்துக் காட்டினார். திடீரென்று ஓர் இடி விழும்போது மனம் சுருங்குவதும் முகம் வெளுப்பதும் விவேகிக்கும் உண்டு, அது யார் கையிலும் இல்லை. 'ஆம், இது பயப்பட வேண்டியதுதான்' என்று அறிவு ஒப்புதல் தருகிறதா இல்லையா என்பதில்தான் விவேகிக்கும் மற்றவருக்கும் வித்தியாசம் என்பது அந்நூலின் விளக்கம்.

இந்தத் தானாக எழும் துடிப்பைத்தான் இடைக்கால ஆசிரியர்கள் 'முதல் அசைவு' என்றார்கள். நாமும் இந்த அத்தியாயம் முழுவதும் அப்படியே சொல்வோம். பஸ்ஸில் நம்மவர் முகம் சிவந்ததே, அது முதல் அசைவு.

வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயரான அகுஸ்தீனார் (354–430) இதே கப்பல் கதையைத் தம் 'கடவுளின் நகரம்' நூலில் திரும்பச் சொல்கிறார். ஸ்டோயிக்குகள் உணர்ச்சியே இல்லை என்று சாதிப்பது வெறும் சொல் விளையாட்டு என்பது அவர் கட்சி. உயிரைப் பெரிதென்று நினைக்காதவன் ஏன் வெளுக்க வேண்டும்? கல்லறைமுன் நின்று இயேசுவே அழுதிருக்கும்போது அழுகையைக் குற்றம் என்று எப்படிச் சொல்வது? எதன்மேல் அன்பு வைத்திருக்கிறாயோ அதைப் பொறுத்துத்தான் உன் அச்சமும் மகிழ்ச்சியும் நல்லதாகவோ கெட்டதாகவோ ஆகின்றன என்றார். உணர்ச்சியை வேரோடு பிடுங்கும் திட்டம் அவரோடு கைவிடப்பட்டது என்றே சொல்லலாம்.

நம் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலும் வெகுளி, அச்சம், அழுகை என்று எட்டைச் சொல்லி, அவை உடம்பில் எப்படித் தெரிகின்றன என்பதில்தான் கண் வைக்கிறது. ஆனால் அதன் அக்கறை கவிதை. உடம்பில் தெரிந்த அந்த வெகுளிக்கு யார் பொறுப்பு என்று அது விசாரணை வைக்கவில்லை.

நண்பகல் பேய்

விசாரணை வைத்தவர்கள் எகிப்தின் பாலைவனத் துறவிகள். அவர்களில் கூர்மையானவர் எவாகிரியஸ். கான்ஸ்டான்டிநோபிளில் பேர்பெற்ற பேச்சாளராக இருந்தவர். மணமான பெண்ணொருத்திமேல் ஏற்பட்ட காதலிலிருந்து தப்பிக்க ஊரைவிட்டே ஓடினார். ஜெருசலேம் வழியாக எகிப்துக்குப் போய், 399-இல் இறக்கும்வரை அந்தப் பாலைவனத்திலேயே இருந்தார். தனிக்குடிசையில் திருடுவதற்கு ஒன்றுமில்லை, சண்டை போட ஆளில்லை. அங்கே எதிரி என்று மிஞ்சியது மனத்தில் வந்துபோகும் எண்ணங்கள் மட்டுமே. அவற்றை எட்டு வகையாகப் பிரித்தார்: பெருந்தீனி, காமம், பொருளாசை, துயரம், கோபம், மனச்சலிப்பு, வீண்பெருமை, செருக்கு.

மனச்சலிப்பைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் படித்தால் மதிய நேரத்து அலுவலகம் நினைவுக்கு வரும். அதற்கு 'நண்பகல் பேய்' என்று பெயர் வைத்தார். உச்சிவெயிலில் அது வந்து உட்கார்ந்ததும் சூரியன் நகராமல் நிற்பதுபோல் தோன்றும். நாள் 50 மணி நேரம் நீண்டதுபோல் இருக்கும். துறவி ஜன்னலை எட்டிப் பார்ப்பார், சாப்பாட்டு வேளைக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று சூரியனை அளப்பார், யாராவது சகோதரர் பேச வருகிறாரா என்று பார்ப்பார். பிறகு இந்த இடமே பிடிக்காமல் போகும், வேறு ஊருக்குப் போனால் நன்றாயிருக்கும் என்று தோன்றும்.

இந்த எட்டும் நம்மைத் தொந்தரவு செய்வது நம் கையில் இல்லை, ஆனால் அவை தங்குவதும் தங்காததும் நம் கையில் இருக்கிறது என்பது எவாகிரியஸின் சூத்திரம். கப்பல் ஞானி சொன்னதுதான். ஆனால் ஒரு முக்கியமான மாற்றம் உண்டு. ஞானிக்கு அது ஒரு நொடியில் நடக்கும் ஒப்புதல். துறவிக்கோ அது எவ்வளவு நேரம் தங்கவிடுகிறாய் என்ற கேள்வி.

பட்டியல் பிறகு மேற்கே போனது. கசியன் என்பவர் அதை மார்சேய் நகரத்துக்குக் கொண்டுபோனார். 600 வாக்கில் திருத்தந்தை முதலாம் கிரகோரி செருக்கைத் தாய்வேராக ஒதுக்கி, மனச்சலிப்பைத் துயரத்தில் அடக்கி, பொறாமையைச் சேர்த்து, ஏழாக்கினார். இன்னும் சில கை மாறி, நம் ஊர் ஞானோபதேசப் புத்தகத்துக்கு 'தலையான பாவங்கள் ஏழு' என்று வந்து சேர்ந்தது: அகங்காரம், கோபம், மோகம், லோபித்தனம், போசனப்பிரியம், காய்மகாரம், சோம்பல். எவாகிரியஸின் நண்பகல் பேய் வெறும் சோம்பலாகச் சுருங்கியதில் எனக்கு வருத்தம்தான். ஜன்னலைப் பார்த்து ஏங்கிய அந்தத் துறவி சோம்பேறி அல்ல.

குற்றம் எங்கே தொடங்குகிறது

அகுஸ்தீனார் இன்னோர் அளவுகோலும் தந்தார். பாவம் மூன்று படியில் நடக்கிறது: தூண்டல், இன்பம், இசைவு. ஏதேன் தோட்டத்துப் பாம்பு தூண்டுகிறது, ஏவாள் ரசிக்கிறாள், ஆதாம் இசைகிறான். இந்த மூன்று பேரும் ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் இருக்கிறார்கள் என்று படித்தார். பெண்ணை ஆசையாகவும் ஆணை அறிவாகவும் வைத்த அந்த உருவகத்தை இன்று ஏற்க முடியாது. ஆனால் படிகள் பயனுள்ளவை. துண்டு கம்பியில் தொங்கும் காட்சி தூண்டல். 'இவனை நாலு வார்த்தை கேட்டால் எப்படி இருக்கும்' என்ற நினைப்பில் ஒரு ருசி தட்டுகிறதே, அது இன்பம். 'கேட்கத்தான் போகிறேன்' என்பது இசைவு.

கோடு எந்தப் படியில் விழுகிறது? 12-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் இது சுடச்சுட நடந்த விவாதம். பீட்டர் லொம்பார்டு போன்றவர்கள், முதல் அசைவோடு நின்றாலும் அது சிறு பாவமே என்றார்கள். இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நின்றவர் பீட்டர் அபெலார்டு (1079–1142), அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய தர்க்கவாதி, மிகப் பெரிய வம்புக்காரரும்கூட. ஆசை வருவது குற்றமில்லை, அதில் இன்பம் தோன்றுவதும் குற்றமில்லை, இசைவு ஒன்றே குற்றம் என்று அடித்துச் சொன்னார். அதோடு விட்டாரா? செயலால் குற்றம் கூடுவதுமில்லை என்றார். இசைந்தபின் வாய்ப்புக் கிடைக்காமல் சும்மா இருந்தவனும், வாய்ப்புக் கிடைத்துச் செய்தவனும் இறைவன்முன் ஒன்றுதான்.

அப்படியானால் ஊர் நியாயம் என்னாவது? அபெலார்டு ஓர் ஏழைத் தாயைக் காட்டுகிறார். போர்த்த துணியில்லை. குளிரில் விறைக்கும் குழந்தையைத் தன் உடம்போடு அணைத்துத் தூங்குகிறாள். தூக்கத்தில் குழந்தை மூச்சுத்திணறி இறந்துவிடுகிறது. ஆயர் அவளுக்குக் கடுமையான தண்டனை விதிக்கிறார். அவளிடம் குற்றம் எள்ளளவும் இல்லை என்கிறார் அபெலார்டு. மற்ற தாய்மார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தத் தண்டனை. மனிதர் வைக்கும் நீதிமன்றம் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் தீர்க்க முடியும், இசைவைப் பார்க்கத் தெரிந்த நீதிபதி வேறு. இன்றைய சட்டக் கல்லூரியில் குற்ற மனம் பற்றிப் பாடம் நடத்துகிறவருக்கு இந்த வாதம் அந்நியமாக இராது. அபெலார்டின் பல கருத்துகளைத் திருச்சபை கண்டித்தது. ஆனால் குற்றம் இசைவில் இருக்கிறது என்ற மையத்தை யாராலும் தள்ள முடியவில்லை.

மூன்று நிமிடத்தில் பதினோர் உணர்ச்சி

இதுவரை எல்லோரும் உணர்ச்சியை விசாரித்தார்கள். அதைப் பிரித்துப் போட்டுப் பார்க்கவில்லை. அந்த வேலையைச் செய்தவர் தாமஸ் அக்குவினாஸ். 1274-இல் 50 வயதுகூடத் தாண்டாமல் இறந்தவர். அவருடைய 'இறையியல் தொகுப்பு' நூலில் உணர்ச்சிகளுக்கு மட்டும் 27 வினாக்கள் ஒதுக்கியிருக்கிறார். உடம்பு மாறாமல் உணர்ச்சி கிடையாது என்பது அவர் அடிப்படை.

உணர்ச்சிகள் பதினொன்று என்று கணக்குப் போட்டார். நமக்குள் இரண்டு ஆற்றல்கள். ஒன்று 'நாடும் ஆற்றல்': பிடித்ததை நோக்கிப் போகும், பிடிக்காததைவிட்டு விலகும். அன்பு, வெறுப்பு, ஆசை, விலகல், மகிழ்ச்சி, துக்கம் ஆகிய ஆறும் இதன் பிள்ளைகள். இன்னொன்று 'மல்லுக்கு நிற்கும் ஆற்றல்': நாடுகிற பொருளுக்கு நடுவே தடை வரும்போதுதான் இது விழிக்கும். நம்பிக்கை, நம்பிக்கையிழப்பு, அச்சம், துணிவு, கோபம் என்ற ஐந்தும் இதனுடையவை.

பஸ்ஸுக்கு வருவோம். ஜன்னலோர சீட்டு காலியாக இருப்பது கண்ணில் படுகிறது; பிடித்துப் போகிறது. அது அன்பு. அக்குவினாஸ் இந்தச் சொல்லை இவ்வளவு அகலமாகத்தான் வைத்தார். சீட்டு இன்னும் கைக்கு வரவில்லை, அதனால் ஆசை, துண்டு பறக்கிறது. படிக்கட்டில் கூட்டம். இப்போது தடை வந்துவிட்டது, இரண்டாவது ஆற்றல் எழுந்துகொள்கிறது. துண்டு போட்டாயிற்று, கிடைத்துவிடும் என்பது நம்பிக்கை. மூட்டையோடு ஏழெட்டுப் பேர் முன்னால் ஏறுகிறார்கள்; நம்பிக்கை தளர்கிறது. துண்டைக் காற்று அடித்துவிடுமோ, அச்சம். தோளை முன்னே கொடுத்து இடிக்கிறார், துணிவு. உள்ளே போகிறார், சீட்டு போய்விட்டது. துக்கம்.

கவனியுங்கள், முதலில் வருவது துக்கம். கோபம் அதன்மேல் ஏறி வருகிறது. ஏற்பட்ட துக்கத்துக்கு ஈடு வாங்கிவிடலாம் என்ற நம்பிக்கை சேர்ந்தால்தான் கோபம் என்பது அக்குவினாஸின் நுட்பம். எட்டாத உயரத்தில் இருக்கிறவர் தீங்கு செய்தால் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. அதனால் துக்கம் துக்கமாகவே நின்றுவிடும். இன்ஸ்பெக்டர் புதிர் இங்கே விடுபடுகிறது. சீருடையைப் பார்த்ததும் நம்மவர் பொறுமைசாலி ஆகிவிடவில்லை. அவர் கணக்கில் ஒரு எண் குறைகிறது, அவ்வளவுதான். துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு கம்பியைப் பிடித்து நிற்கிறார்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. கோபத்துக்கு எத்தனை காரணம் சொன்னாலும் எல்லாம் ஒன்றில் வந்து முடியும்: அற்பமாக எண்ணப்பட்டேன் என்ற எண்ணம். கண் மங்கிய பாட்டி ஒருத்தி துண்டு கிடந்ததே தெரியாமல் உட்கார்ந்திருந்தால் சீட்டு போனது போனதுதான், ஆனால் கோபம் வராது. தெரியாமல் செய்ததில் அவமதிப்பு இல்லை. அதே இடத்தில், தெரிந்தே உட்கார்ந்து பட்டா கேட்கிறவர் இருந்தால் இரத்தம் கொதிக்கிறது.

இதில் ஓர் அசௌகரியமான உண்மையும் ஒளிந்திருக்கிறது. நம்மைவிடக் கீழானவர் என்று நாம் எண்ணுகிற ஒருவரிடமிருந்து வரும் அவமதிப்புத்தான் கூடுதலாகக் கொதிக்கவைக்கும் என்கிறார் அக்குவினாஸ். 13-ஆம் நூற்றாண்டில் பிரபுவையும் பணியாளையும் மனத்தில் வைத்து எழுதியது. நம் ஊரில் பஸ் சீட்டிலும் டீக்கடை பெஞ்சிலும் தொடங்கிய எத்தனை தகராறுகள், உட்கார்ந்தவர் யார் என்று தெரிந்த பிறகு வேறு உருவம் எடுத்திருக்கின்றன! சாதிக்கோபம் எவருக்கும் 'அதுவாக' வருவதில்லை. யார் மேல், யார் கீழ் என்ற ஒரு பழைய கணக்கு உள்ளே எழுதி வைக்கப்பட்டிருந்தால்தான் அந்த முதல் அசைவே எழ முடியும்.

கண்ணுக்குத் தெரிவது ஒரு மனிதர், ஒரு துண்டு. அவமதிப்புக்கு நிறமில்லை, வாசனையில்லை. பிறகு எது அதைப் படித்தது? இதற்கு அக்குவினாஸ் கடன் வாங்கியது பாரசீகத்து மருத்துவ மேதை இப்னு சீனாவிடம் (980–1037). ஓநாயை அதற்குமுன் பார்த்தேயிராத ஆட்டுக்குட்டியும் பார்த்த மாத்திரத்தில் ஓடுகிறது. உருவத்தைக் காண்பது கண். ஆபத்தைக் காண்பது உள்ளே இருக்கும் வேறொரு மதிப்பிடும் புலன் என்றார் இப்னு சீனா. மனிதரிடம் அந்தப் புலனோடு பழக்கமும் நினைவும் யோசனையும் கலந்துவிடுகின்றன. அமெரிக்க நரம்பியலாளர் ஜோசப் லெடூ 1996-இல் வெளியிட்ட நூலில், மூளையில் அமிக்டலா என்ற பாதாம்பருப்பு அளவுப் பகுதிக்கு ஆபத்துச் செய்தி அவசரமாக ஒரு குறுக்குவழியிலும், நிதானமாகப் புறணி வழியாக இன்னொரு பாதையிலும் போவதாக விளக்கினார். முதல் அசைவுக்கும் இசைவுக்கும் இரண்டு தனித்தனி அலுவலகங்கள் மூளையில் கிடைத்துவிட்டன என்று துள்ளத் தேவையில்லை. லெடூ எலிகளின் அச்சத்தை ஆராய்ந்தவர். ஆனால் உணர்ச்சி என்பது ஒரு விரைவான மதிப்பீடு என்ற எண்ணம் பழையது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

கையும் மனமும்

அறிவு உணர்ச்சியை எப்படி ஆள்கிறது? அக்குவினாஸ் அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி இரண்டு வகை ஆட்சியைச் சொல்கிறார். கைகால்களை அறிவு ஆள்வது எஜமான் அடிமையை ஆள்வதுபோல. தூக்கு என்றால் தூக்கும், மறுபேச்சில்லை. உணர்ச்சிகளை ஆள்வது சுதந்திரக் குடிமக்களை ஆள்வதுபோல. அவர்களுக்கும் சொந்தமாக ஒரு விருப்பம் உண்டு, எதிர்த்து நிற்கவும் உரிமை உண்டு. ஆணை செல்லாது, பேசித்தான் இணங்கவைக்க வேண்டும். 'கோபமே, போ' என்றால் போகாததன் காரணம் இது. ஒரு நினைப்பை விரட்டிக்கொண்டிருக்கும்போதே வேறொன்று வேறு வாசலில் நுழைந்துவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்தால் எதையும் தடுக்கலாம், எல்லாவற்றையும் ஒருசேரத் தடுக்க யாராலும் ஆகாது என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

பேசி இணங்கவைப்பது என்றால்? காட்சியை வேறு விதமாகப் பார்க்கவைப்பது. உட்கார்ந்திருப்பவர் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவர், கையில் கட்டு இருக்கிறது என்று கவனித்த கணத்தில் அவமதிப்பு என்ற வாசிப்பு அழிகிறது; அதோடு கோபமும் இறங்குகிறது. ஸ்டான்ஃபோர்டு உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ் 1998-இல் வெளியிட்ட பரிசோதனையில் அருவருப்பூட்டும் அறுவைச் சிகிச்சைப் படமொன்றைச் சிலருக்குக் காட்டினார். முகத்தில் எதையும் காட்டாமல் அடக்கிக்கொண்டவர்களுக்கு உள்ளே அருவருப்பு குறையவில்லை. உடம்பின் பரபரப்பு கூடத்தான் செய்தது. மருத்துவர்போல விலகி நின்று பார்த்தவர்களுக்கோ அருவருப்பே குறைந்தது. அடிமையிடம் செல்லுபடியாகும் ஆணை குடிமக்களிடம் செல்லாது.

சிரமம் எங்கே என்றால், பஸ் கிளம்பிய பிறகு. தகராறு தீர்ந்துவிட்டது. நம்மவர் நின்றுகொண்டே வருகிறார். 'பட்டா ஆயிடுமான்னு கேட்டானே, அப்ப இப்படிச் சொல்லியிருக்கணும்' என்று ஒரு பதிலைத் தயாரிக்கிறார். அதைவிடக் காரமாக இன்னொன்று கிடைக்கிறது. அதைச் சொல்லி எதிராளி வாயடைத்துப் போவதை மனக்கண்ணில் ஓட்டுகிறார். ஒரு தித்திப்பு. இதற்கு இடைக்கால ஆசிரியர்கள் வைத்த பெயரைத் தமிழில் 'தங்கவைத்த சுவை' எனலாம். இதை அவர்கள் வெகு கடுமையாகப் பார்த்தார்கள். எத்தனை நிமிடம் என்பது பொருட்டில்லை. விரட்ட வேண்டியதென்று அறிவுக்குத் தெரிந்தும் நாற்காலி போட்டு உட்காரவைத்ததுதான் குற்றம் என்பது அக்குவினாஸின் தீர்ப்பு. அதே சமயம் கோபமே ஆகாது என்று அவர் சொல்லவில்லை. அநியாயத்தைக் கண்டும் கோபம் வராமலிருப்பதும் ஒரு குறைதான் என்கிறார்.

உணர்ச்சி உடம்போடு ஒட்டியது என்பதால் உடம்பு வழியாகவும் அதை அணுகலாம். துக்கத்துக்கு அவர் தரும் மருந்துகளில் அழுகை, நண்பர்களின் பரிவு, உண்மையைத் தியானிப்பது ஆகியவற்றோடு தூக்கமும் குளியலும் இருக்கின்றன. ஆதாரம் அகுஸ்தீனாரின் அனுபவம்: தாய் மோனிக்கா இறந்த அன்று குளித்துப் பார்த்தார், துக்கம் கரையவில்லை; தூங்கி எழுந்தபோது ஓரளவு தணிந்திருந்தது.

கொச்சியில் அச்சான கேள்விகள்

இந்த நுட்பமெல்லாம் பண்டிதர்களோடு நின்றிருக்கலாம். நிற்காததற்குக் காரணம் 1215-இல் நடந்த நான்காம் லாத்தரன் சங்கம். வயது வந்த ஒவ்வொரு கிறிஸ்தவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று அது விதித்தது. கத்தோலிக்கர் எண்ணும் பத்துக் கட்டளைகளில் ஒன்பதாவதும் பத்தாவதும் வெறும் ஆசையைப் பற்றியவை: பிறர் மனைவி, பிறர் உடைமை. செய்த செயலைக் கேட்பது எளிது. ஆசைப்பட்டாயா என்று கேட்டால் ஆமென்று சொல்லாத மனிதர் உண்டா? வந்ததா, வைத்துக்கொண்டாயா, இசைந்தாயா என்று பிரித்துக் கேட்க குருவுக்கு ஒரு கையேடு வேண்டும். அப்படிப்பட்ட கையேடுகள் ஐரோப்பா முழுக்கப் பெருகின.

அவற்றில் ஒன்றின் வாரிசு தமிழில் 1580-இலேயே அச்சாகிவிட்டது. முத்துக்குளித்துறையில் பரதவர் நடுவே வாழ்ந்த போர்த்துகீசியர் அன்றிக்கு அன்றிக்கஸ் (1520–1600) 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்க நூலை அச்சிட்டார். இந்திய மொழிகளுக்கான அச்செழுத்தில் வந்த முதல் நூல் என்று அதைக் கொண்டாடுகிறோம். இரண்டு ஆண்டு கழித்துக் கொச்சியில் வந்த அவருடைய 'கொம்பெசியொனாயரு' நூலை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. பாவசங்கீர்த்தனத்துக்கான கையேடு அது. தமிழில் அச்சு தொடங்கிய மூன்றாம் ஆண்டிலேயே, ஒரு மனிதன் தன் ஆசைகளைத் தானே விசாரிப்பதற்கான புத்தகம் வந்துவிட்டது என்பது எனக்கு ஆச்சரியம். இடையில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு செய்யக்கூடிய காரியமா அது?

பிறகு 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, ரோமில் அக்குவினாஸின் வழியில் பயின்றவர். அவருடைய 'ஆத்தும நிர்ணயம்' ஆன்மாவின் இயல்பையும் ஆற்றல்களையும் தமிழ் உரைநடையில் வாதித்து நிறுவ முனைகிறது. கீழ்பென்னாத்தூருக்கு வடகிழக்கே சேத்துப்பட்டில், பிரெஞ்சுக் குருவான தாராஸ் சுவாமியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் லூர்து மாதா கோயில் இருக்கிறது. அப்படிப்பட்ட பங்குகளில் ஞானோபதேச வகுப்பில் உட்கார்ந்து ஏழு பாவங்களை ஒப்பித்த பிள்ளைகள் எவாகிரியஸின் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். பாலைவனத்துப் பட்டியலைத்தான் அவர்கள் ஒப்பித்தார்கள்.

கையை மட்டும் நிறுத்தியவள்

இவ்வளவு நேர்த்தியான அமைப்புக்கு அடங்காத ஒரு வழக்கு உண்டு. அது அபெலார்டின் வீட்டு வழக்கு. அவரிடம் படித்த ஹெலோயீஸை அவர் காதலித்ததும், குழந்தை பிறந்ததும், இரகசியத் திருமணமும், அவளுடைய மாமன் ஆளனுப்பி அவரை ஆண்மையிழக்கச் செய்ததும் ஐரோப்பா அறிந்த கதை. அவர் துறவியானார், அவர் சொல்லுக்காக அவளும் கன்னிமடம் புகுந்தாள். 1130-களில், மடத்தின் தலைவியாக இருந்துகொண்டு அவள் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. திருப்பலி நேரத்தில்கூட அந்தப் பழைய இன்பங்களின் காட்சிகள் வந்து நிற்கின்றன. இழந்ததற்குத்தான் ஏங்குகிறேனே தவிர, செய்ததற்கு வருந்த என்னால் முடியவில்லை என்று எழுதினாள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நினைவுகள் கேளாமலே வருகின்றன, அதனால் முதல் அசைவு. ஆனால் அவை இனிக்கின்றன, அதை அவள் மறைக்கவுமில்லை. விரட்டாததால் இசைந்தாள் என்று எழுதுவதா? ஊரார் தன்னைக் கற்புடையவள் என்று புகழ்வதைக் கேட்டுக் கூசுகிறாள், வெளிவேஷம் போடுகிறேன் என்று தன்னைத்தானே குற்றம் சாட்டிக்கொள்கிறாள். இசைந்தவள் இப்படிப் பேசுவாளா? இசைவே குற்றம் என்று உலகத்துக்குச் சொன்ன அபெலார்டு இதற்குப் பதிலாக அனுப்பியது அறிவுரையும் ஒரு மன்றாட்டும்தான்.

அடுத்த கடிதத்தின் தொடக்கத்தில் அவளே ஒரு முடிவைச் சொல்கிறாள். நேரில் என்றால் நாவை அடக்க என்னால் ஆகாது. மனத்தைப்போல நம் அதிகாரத்துக்குக் கட்டுப்படாதது எதுவுமில்லை, அதற்கு நாம் கீழ்ப்படிகிறோமே ஒழிய அதற்குக் கட்டளையிட முடிவதில்லை. ஆனால் எழுதும் கை என் சொல்லைக் கேட்கும், அதை நிறுத்திவிடுகிறேன் என்கிறாள். அக்குவினாஸ் கைக்கும் உணர்ச்சிக்கும் வேறு வேறு ஆட்சி என்று வகுப்பதற்கு நூறாண்டுக்கும் மேல் முன்னால் எழுதிய வரி. அதன்பின் அந்தக் கடிதம் முழுவதும், பெண்களுக்குப் பொருந்தும் மட ஒழுங்குவிதி ஒன்று வேண்டும் என்ற வாதம். ஆண்களுக்கென்று எழுதிய விதியில் சொல்லும் உடை பெண்களுக்கு எப்படிப் பொருந்தும், உணவிலும் வேலையிலும் என்ன மாற்றம் வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். நமக்குக் கிடைத்திருக்கும் கடிதங்களில் அந்தக் காதலைப் பற்றி அவள் பிறகு எழுதவில்லை.